நர்சரி மரத்தைக் குறுக்கி வெட்டுதல்: ஒரு போன்சாய் முறையின் நிறைகுறை

போன்சாய்க்கு ஒரு மரத்தைத் தொடங்கப் பல வழிகள் உண்டு. விதை போட்டு முளைக்க வைக்கலாம், போத்து நடலாம், பதியன் போடலாம், சுவரிலும் கிணற்றுக் கட்டிலும் தானாக முளைத்துக் குறுகிக் கிடக்கும் கன்றைப் பெயர்த்து எடுக்கலாம். நர்சரியில் ஆளுயரம் வளர்ந்த மரத்தை வாங்கி, தண்டை ஒரு சாண் உயரத்தில் வெட்டி, மிஞ்சிய அடிக்கட்டையிலிருந்து புது மரம் ஒன்றை உருவாக்குவது இன்னொரு வழி. காத்திருக்கும் காலம் குறைவு, பொருள் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது என்பதால் கோவைப் பகுதியில் புதிதாகப் பழகுகிறவர்களை முதலில் ஈர்ப்பது இதுதான். அடிக்கட்டை பெருத்த மரங்கள் உருவாவதும், நல்ல கன்றுகள் வீணாவதும் இந்த ஒரே வழியில்தான்.

இதன் அடிப்படை எளிமையானது. போன்சாய் முதுமரமாகத் தோன்றுவதற்கு உயரம் காரணமல்ல. அடி பருத்திருக்க வேண்டும். மேலே போகப் போகத் தண்டு மெலிய வேண்டும். வேர்கள் மண்ணைக் கவ்விப் பிடித்ததுபோல் நாலா பக்கமும் ஓட வேண்டும். ஆழமற்ற தொட்டிக்குள் போன மரம் பருப்பது ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே பருமனை முதலில் சேர்த்துக்கொண்டு, உயரத்தைப் பிறகு வெட்டிக் கழிப்பதே காரியம். சீனாவின் குவாங்டாங் பகுதியில் வளர்ந்த லிங்னான் மரபு இதையே தன் தனி முறையாக வைத்திருக்கிறது: தண்டை வெட்டு, கிளையை வளரவிடு, அது பருத்தபின் அதையும் வெட்டு, மறுபடி வளரவிடு. ஆண்டு முழுவதும் வெயிலும் வெப்பமும் உள்ள நாட்டில் பிறந்த முறை அது. கம்பி சுற்றி வளைக்கும் ஜப்பானிய வழியைவிட அது கொங்கு நாட்டுத் தட்பவெப்பத்துக்கு நெருக்கமானது. ஆனால் இங்கு கிடைக்கும் போன்சாய் நூல்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டு மரங்களை வைத்து எழுதப்பட்டவை. அவற்றின் மாதக் கணக்கைப் பார்த்து இங்கே வெட்டுவதில்தான் பல பிழைகள் தொடங்குகின்றன.

வெட்டிய கட்டை ஏன் துளிர்க்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் எதை வெட்டலாம், எப்போது வெட்டலாம் என்ற இரண்டும் தெளிவாகும். தண்டின் நுனியில் உருவாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் கீழே இறங்கி, பக்க மொட்டுகளை உறங்க வைக்கிறது. இதைக் கென்னத் திமானும் ஃபோக் ஸ்கூகும் 1933-இல் அவரைச் செடியில் சோதித்துக் காட்டினார்கள். நுனி போனதும் அந்தத் தடை நீங்குகிறது. உறங்கிய மொட்டுகள் விழிக்கின்றன. அவை வளர வேண்டிய உணவை வேரிலும் தண்டிலும் மரம் முன்பே மாவாகச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். ஆகவே செழித்து, இலை விரித்து, சேமிப்பு நிறைந்த மரம்தான் பெரிய வெட்டைத் தாங்கும். நர்சரியின் மூலையில் வாடி நிற்பதை மலிவாக வாங்கி வந்து அன்றைக்கே வெட்டுவது, பட்டினி கிடந்தவனிடம் கடன் வசூலிப்பதற்கு ஒப்பு.

எல்லா மரத்துக்கும் இந்தத் துளிர்க்கும் திறன் ஒரே அளவில் இல்லை. இலையில்லாத பழைய தண்டிலும் தாராளமாகத் துளிர்க்கிற மரங்கள் உண்டு: கல்லிச்சி, ஆல், அரசு, புளி, கொடுக்காப்புளி, காகிதப்பூ, மாதுளை, முசுக்கொட்டை. சவுக்கு அப்படியல்ல, கரையோரங்களில் நட்ட பழைய சவுக்கினம் மறுதாம்புக்கு ஏறக்குறைய ஒத்துழைக்காது, பச்சை இல்லாத கட்டையாக விட்டால் பெரும்பாலும் காய்ந்துபோகும். பைகஸ் பெஞ்சமினா, குறிப்பாக வெள்ளை விளிம்பு இலை உடைய வகை, கல்லிச்சியின் உறவே என்றாலும் இலையற்ற கிளையைக் கைவிட்டுவிடும் இயல்புள்ளது. ஜூனிப்பர் போன்ற ஊசியிலைச் செடிகளுக்கு இந்த முறை அறவே ஆகாது. ஜான் நாகா 1948-இல் இரண்டு ஃபோமினா ஜூனிப்பர்களில் தொடங்கி, பின்னர் பதினொரு மரங்களாக வளர்த்து, 1984-இல் அமெரிக்கத் தேசிய போன்சாய் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த கோஷின் என்ற காட்டுத் தொகுப்பைப் புகைப்படத்தில் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அந்த மரங்கள் உயரத்தைக் காத்துக்கொண்டு நிற்பவை. அடியில் வெட்டிப் பெறப்பட்ட வடிவம் அல்ல அது.

இனி, தேர்வு. நர்சரியில் கண் முதலில் இலைக்குப் போகும். போக வேண்டியது மண்ணுக்கு. நாற்றுப்பையின் மேல்மண்ணை ஒரு குச்சியால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் விலக்கினால் தண்டு வேராகப் பிரியும் இடம் தெரியும். அங்கே வேர்கள் சக்கர ஆரங்களைப் போல் விரிந்தால் அந்த மரத்துக்கு எதிர்காலம் உண்டு. ஒரே பக்கம் தடித்த வேரும் மறுபக்கம் வெறுமையும் இருந்தால், தண்டு எவ்வளவு பருத்திருந்தாலும் பயன் குறைவு. வெட்டப்போவது மேற்பகுதியை, மிஞ்சப்போவது இந்த அடி மட்டுமே. கிளையமைப்பையும் இலையடர்த்தியையும் பார்த்து விலை கொடுப்பவர், வெட்டி எறியப்போகும் பகுதிக்கே விலை கொடுக்கிறார்.

கொங்கு நாட்டு நர்சரிகளின் வழக்கம் இந்த இடத்தில் போன்சாய்க்கு எதிராக நிற்கிறது. மேட்டுப்பாளையம், காரமடை, பொள்ளாச்சிச் சாலையோரங்களில் கன்று வாங்குகிறவர்கள் தோப்புக்கும் வீட்டு முன்புறத்துக்கும் வாங்குகிறார்கள். அவர்களுக்கு உயரமும் நேர்த்தண்டும் வேண்டும். ஆகவே பக்கக் கிளைகள் ஒடிக்கப்பட்டு, குச்சி கட்டி, நெருக்கமாக அடுக்கி வளர்க்கப்படுகின்றன. அடியில் கிளை இருந்தால்தான் அடி பருக்கும் என்பதால் இந்த நெருக்கம் தண்டை மூங்கில்போல் ஒரே தடிப்பில் ஏற்றிவிடுகிறது. செம்மண், மணல், தொழு உரம் நிரப்பிய பைக்குள் ஆணிவேர் அடிவரை போய்த் திரும்பிச் சுழலுகிறது. பை மாற்றும்போது கன்று மேலும் ஆழமாகப் புதைக்கப்படுகிறது. நல்ல வேர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போக, தண்டிலிருந்து இரண்டாவது அடுக்கு வேர் கிளம்புகிறது. நர்சரிக்காரரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அவர் வளர்ப்பது வேறொரு தேவைக்கு. வாங்குகிறவர்தான் அதைப் புரிந்துகொண்டு, வரிசையில் பின்தங்கியதை, பக்கத்துக் கன்றின் நிழலில் வளைந்ததை, நுனி ஒடிந்து தாழ்வாகக் கிளைத்ததைத் தேட வேண்டும். விற்பனைக்கு ஆகாது என்று ஒதுக்கிய வரிசையில்தான் போன்சாய்க்கு ஆனவை பெரும்பாலும் இருக்கும்.

நர்சரிகளில் ‘போன்சாய்’ என்றே பெயரிட்டு விற்கப்படும் கிழங்குவேர்க் கல்லிச்சி தனியாகச் சொல்லப்பட வேண்டியது. விதையிலிருந்து வளர்த்து வேரைப் பருக்க வைத்து, அதன் உச்சியில் சிற்றிலை வகையை ஒட்டுக் கட்டி, சீனாவிலிருந்து ஏற்றுமதியாகும் சரக்கு அது. ஒட்டுக்குக் கீழே வெட்டினால் வேர்ச்செடியின் பெரிய இலைதான் வரும். ஒட்டுக்கு மேலே வெட்டினால் ஒட்டின் முடிச்சு என்றும் மறையாது. தோற்றத்தில் முடிந்துபோன பொருள். மரமாக வளர்த்தெடுக்க அதில் இடம் மிகக் குறைவு. அதே விலைக்குச் சாதாரணப் பையிலுள்ள கல்லிச்சிகள் இரண்டு மூன்று கிடைக்கும்; அவை மேல்.

காலத்தைப் பொறுத்தவரை கோவைக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. மாவட்டத்தில் ஆண்டு மழை சுமார் 700 மில்லிமீட்டர்தான். பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில் விழுகிறது. ஆனி தொடங்கி ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று, மலையைத் தாண்டியபின் ஈரத்தைவிட வேகத்தையே அதிகம் கொண்டுவருகிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுதான் மாடியில் வைத்த தொட்டியின் இலையிலிருந்து நீரை உறிஞ்சுகிறது. வேர் குறைத்த மரம் அந்த இழப்பை ஈடுகட்ட முடியாது. மேகமூட்டமாய் இருக்கிறது, வெயில் இல்லை என்று நம்பி ஆடியில் வேரை வெட்டுகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். தண்டு வெட்டுக்கு மாசி, பங்குனி பொருத்தம். வெப்பம் ஏறும்போது துளிர் வேகமாகக் கிளம்பும், வேர் தொடப்படாமல் இருந்தால் சித்திரை வெயிலையும் தாங்கும். வேர் வேலையைக் காற்று அடங்கி முதல் மழை வரும் புரட்டாசிக் கடைசிக்கு ஒத்திவைப்பது நல்லது.

இதிலிருந்தே இந்த முறையின் மிகப் பெரிய குறை வெளிப்படுகிறது. குறை வெட்டில் இல்லை, அவசரத்தில் இருக்கிறது. ஒரு நாள் பயிற்சி வகுப்புகளில் காலையில் வாங்கிய மரம் மாலைக்குள் தண்டு வெட்டப்பட்டு, வேர் பாதி கழிக்கப்பட்டு, கம்பி சுற்றப்பட்டு, ஆழமற்ற தொட்டியில் அமர்ந்துவிடுகிறது. படம் எடுக்க நன்றாக இருக்கும். ஆனால் உணவு செய்யும் இலையும் நீர் எடுக்கும் வேரும் ஒரே நாளில் போன மரம் சேமிப்பை மட்டும் நம்பி நிற்கிறது. கல்லிச்சி பிழைத்துக்கொள்ளும், அதன் பொறுமையை வைத்தே இந்த வகுப்புகள் நடக்கின்றன. புளியும் மாதுளையும் பல சமயம் பிழைப்பதில்லை. பிழைத்தாலும் தொட்டிக்குள் போனதால் பருமன் ஏறாது. வெட்டிய வாய் மூடாது. பத்து ஆண்டு கழித்தும் அது வெட்டப்பட்ட கட்டையாகவே தெரியும்.

வெட்டும் முறைக்கு வருவோம். அடியில் 5 சென்டிமீட்டர் குறுக்களவு உள்ள தண்டுக்கு 30 சென்டிமீட்டர் உயரம் என்பது வழக்கமான அளவு. அடியின் ஆறு மடங்கு. அந்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 10 சென்டிமீட்டர் அளவில், முதல் வளைவு அமைய வேண்டும். ஆனால் முதல் வெட்டை அங்கேயே போடக் கூடாது. எங்கே துளிர்க்கும், எதுவரை காயும் என்று எந்த மரமும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஐந்தாறு சென்டிமீட்டர் கூட்டி நேராக வெட்டி, துளிர்கள் கிளம்பித் தடித்தபின் வேண்டிய துளிருக்குப் பின்புறம் சரிவாக வெட்டுவதே பாதுகாப்பு. அந்த ஒரு துளிரைப் புதுத் தலைவனாக விட்டு, கட்டுப்பாடில்லாமல் ஆறடி எட்டடி வளரவிட வேண்டும். அது அடித்தண்டின் பாதிக்கு மேல் பருத்தால்தான் இரண்டும் ஒட்டிய ஒரே தண்டாகத் தோன்றும். தரையில் நட்ட கல்லிச்சிக்கு இதற்கு இரண்டு மூன்று ஆண்டுகள் போதும். தொட்டியில் அதே பருமனுக்கு எத்தனை ஆண்டு காத்தாலும் நிச்சயமில்லை. தோட்டத்தில் ஒரு ஓட்டுத் துண்டின்மேல் வைத்து நட்டால் வேர் ஆழம் போகாமல் பக்கவாட்டில் விரியும் என்பதும் சேர்ந்த பயன். மாடி வீட்டுக்காரருக்கு இந்த வசதி இல்லை என்பது உண்மையான தடை. அவருக்குத் துளையிட்ட அகலத் தொட்டியோ காய்கறிக் கூடையோ கிட்டத்தட்ட ஈடாகும்.

வெட்டு வாயில் என்ன பூசுவது என்பதில் இரண்டு கருத்துகள் மோதுகின்றன. தோட்டக்கலையில் போர்டோ பசை பழகிய மருந்து: மயில்துத்தம் ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் பத்து லிட்டர். அமெரிக்க வனத்துறையின் அலெக்ஸ் ஷிகோ ஏராளமான மரங்களை அறுத்துப் பார்த்து, மரம் புண்ணை ஆற்றுவதில்லை, சுற்றிச் சுவர் எழுப்பி அழுகலை அடைத்து வைக்கிறது, மேற்பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை என்று 1970-களில் எழுதினார். இரண்டும் அதனதன் இடத்தில் சரி. போன்சாயில் பூச்சின் வேலை அழுகலைத் தடுப்பதைவிட, வெட்டின் விளிம்புப் பட்டை உலராமல் காத்துப் புதுத் திசு உருண்டு வர வழிசெய்வது. பாலுள்ள இச்சி வகைகளுக்குப் பெரும்பாலும் அவற்றின் பாலே போதும். காகிதப்பூவுக்குப் போதாது, அதன் மென்மரம் வெட்டு வாயிலிருந்து உள்நோக்கி மக்கிக் குழியாகும். அந்தக் குழியை மறைக்க முயலாமல், மழை நீர் தேங்காதபடி சரிவாகச் செதுக்கி முதுமையின் அடையாளமாகவே விட்டுவிடுவது பொருத்தம்.

தொட்டிக்குப் போகும்போது நர்சரியின் செம்மண் முழுவதும் ஒரே நாளில் கழுவப்படக் கூடாது; ஒரு பக்கம் இந்த ஆண்டு, மறு பக்கம் அடுத்த ஆண்டு என்று மாற்றலாம். புதுக் கலவைக்கு இந்தியா முழுவதும் பழகியது 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை சலித்த செங்கல் ஜல்லி. தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண் தோண்டி நடந்த சூளைகள் 2021-இல் மூடப்பட்டன; ஓடைகளும் யானைத் தடங்களும் பட்ட சேதத்தை நினைத்தால் போன்சாய்க்காகப் புதுச் செங்கல் உடைப்பது தேவையற்றது. இடித்த வீடுகளின் பழைய செங்கல், சிமெண்டுப் பூச்சு நீக்கியது, இதற்குத் தாராளம். ஈரம் காக்கப் பொள்ளாச்சித் தென்னை நார்க்கழிவு கொஞ்சம் சேர்க்கலாம், ஆனால் உப்பு போகப் பலமுறை அலசிய பிறகே. சிறுவாணி நீர் கிடைக்கும் வீட்டிலும் ஆழ்குழாய் உப்புநீரை நம்பும் வீட்டிலும் ஒரே மரம் ஒரே மாதிரி வளராது. உப்புநீர் வீட்டில் புளியும் கொடுக்காப்புளியும் நிற்கும்.

இந்த முறைமேல் வைக்கப்படும் பொதுவான குற்றச்சாட்டு, மரத்தை வதைக்கிறது என்பது. கொங்கு நாட்டில் இது வலுவாக நிற்காது. கவாத்து இங்கே அன்றாட வேலை. பட்டுப்புழு வளர்ப்பவர் முசுக்கொட்டையை ஆண்டுக்கு ஐந்து முறை அடியோடு அறுக்கிறார். செடி பத்துப் பன்னிரண்டு ஆண்டு நிற்கிறது. காங்கயம், தாராபுரம் பக்கத்தில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி நிற்கும் முள்கிளுவை வேலி, போத்தாக நட்டு, தலைமுறை தலைமுறையாகக் கழித்துவிடப்பட்டே அடர்ந்தது. வெட்டுவது கொடுமையல்ல, வெட்டியபின் கவனிக்காமல் விடுவதுதான் கொடுமை. அரசையும் ஆலையும் வீட்டுக்குள் வைக்கத் தயங்கும் மனம் வேறு. அது மதிக்கப்பட வேண்டியது, அப்படித் தயங்குகிறவர்களுக்கு வேறு மரங்கள் இருக்கின்றன.

வலுவான குற்றச்சாட்டு வேறொன்று: வீண். ஆறேழு ஆண்டு வளர்ந்த மரத்தின் பத்தில் ஒன்பது பங்கை எறிந்துவிட்டு ஒரு சாண் கட்டையை எடுப்பது நியாயமா? இதற்குப் பதில் நர்சரியிலேயே இருக்கிறது. கொய்யா, மாதுளை, எலுமிச்சைக்கு விண்பதியன் போடும் கைகளால் கல்லிச்சிக்கும் போட முடியும். பட்டையை வளையமாகச் சீவி, ஈரமான நார்க்கழிவு வைத்துக் கட்டினால் இரண்டு மாதத்துக்குள் வேர் பிடிக்கும். மேலே ஒரு மரமும் கீழே ஒரு கட்டையும் என இரண்டு கிடைக்கும். அதைவிட முக்கியம், பதியனில் வரும் வேர் தண்டைச் சுற்றிச் சமமாக வருகிறது. பைக்குள் சுழன்ற வேரைத் திருத்த வேறு எதனாலும் இவ்வளவு சுத்தமாக முடியாது. தண்டு வெட்டுக்கு எடுத்துக்கொள்ளும் அக்கறையில் பாதிகூடப் பதியனுக்குத் தரப்படாதது வருந்தத்தக்கது.

இன்னொரு குறை கண்ணுக்கு மெதுவாகத்தான் படும். குறுக்கி வெட்டிய மரங்கள் எல்லாம் ஒரே வடிவத்துக்குப் போகின்றன: தடித்த அடி, ஒரு திருப்பம், குடைபோல் தலை. புளியின் பரந்த நிழலும், வெள்வேலானின் தட்டையான கவிகையும், வேலியில் நின்று ஒருபக்கம் சாய்ந்த வேம்பும் அதில் காணாமல் போகின்றன. பயிற்சி பெறுகிறவர் ஜப்பானியப் படங்களைப் பார்ப்பதற்குமுன் பல்லடம் சாலையில் வெளிக்காட்டில் தனித்து நிற்கும் மரங்களை நின்று பார்த்தால் இது மாறும்.

இவ்வளவையும் எடைபோட்டால், இந்த முறை கல்லிச்சி, புளி, காகிதப்பூ, கொடுக்காப்புளி ஆகியவற்றுக்குத் தகும்; ஜூனிப்பருக்கும் பெஞ்சமினாவுக்கும் சவுக்குக்கும் தகாது; தண்டு வெட்டும் வேர் வெட்டும் ஒரே பருவத்தில் நடந்தால் எதற்கும் தகாது. நர்சரியைவிட நல்ல பொருள் கொங்கு வயல்களில் கிடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உடுமலை, கோபி வட்டாரத்தில் முசுக்கொட்டைத் தோட்டத்தைப் பிடுங்கி வேறு பயிர் வைக்கும்போது, மனிதத் தொடை பருமனுள்ள, பல ஆண்டு கவாத்தில் முடிச்சேறிய அடிக்கட்டைகள் விறகாகின்றன. இலை பெரியது என்பதால் இரண்டடிக்குக் குறைந்த போன்சாய்க்கு அவை ஒத்துவராது. அதற்கு மேல் உள்ள அளவுக்கு எந்த நர்சரிப் பையிலும் கிடைக்காத அடி அவற்றில் இருக்கிறது. கம்பி வேலிக்கு வழிவிட்டுப் பிடுங்கப்படும் கிளுவைக் கட்டைகளும் அப்படியே. நிற்கும் வேலியைத் தோண்டக் கூடாது. பிடுங்கிப் போட்டதைக் கேட்டு வாங்கலாம். தோட்டம் மாற்றுகிற விவசாயிகள் கட்டைகளைச் சூளைக்கு அனுப்புமுன் பக்கத்து நர்சரிக்கு ஒரு சொல் சொல்லட்டும். நர்சரிக்காரர்களும் பத்துக் கட்டைகளை மண்ணில் நட்டு இரண்டு மழைக்காலம் வைத்துப் பார்க்கட்டும்.